பிளஸ் பவருக்கு ஆபரேஷன் செய்துகொள்ளும் முன்

உங்கள் ஆபீஸிலோ சொந்தத்திலோ லேசிக் செய்துகொண்ட ஒருவராவது இருப்பார். மறுநாளே கண்ணாடி இல்லாமல் பைக் ஓட்டினேன் என்று சொல்லியிருப்பார். அடுத்த முறை பார்க்கும்போது அவரிடம் ஒன்று கேளுங்கள்: உங்களுக்கு இருந்தது மைனஸா, பிளஸ்ஸா? பெரும்பாலும் மைனஸ் என்றுதான் பதில் வரும். ஊரில் உலவுகிற நல்ல கதைகளில் முக்கால்வாசி கிட்டப்பார்வைக்காரர்களுடையவை. அவற்றைக் கேட்டு நம்பிக்கையோடு ஆஸ்பத்திரிப் படியேறும் தூரப்பார்வைக்காரர்களுக்கு, அதாவது பிளஸ் பவர் போடுகிறவர்களுக்கு, இந்தப் பதிவு.

பொள்ளாச்சியில் பவர் பார்ப்பது என் வேலை. ஆப்டோமெட்ரி படித்தேன், பெரிய கண் ஆஸ்பத்திரி ஒன்றில் கொஞ்ச காலம் இருந்தேன், இப்போது சொந்தக் கடை. நான் ஆபரேஷன் செய்கிறவள் இல்லை. ஆனால் ஆபரேஷனுக்குப் போகலாமா என்று யோசிக்கும்போது ஒரு தடவையும், செய்து பல வருஷம் போனபின் மறுபடியும் அவர்கள் வந்து உட்காரும் நாற்காலி என் அறையில் இருக்கிறது. மைனஸ்காரர்களும் பிளஸ்காரர்களும் இரண்டாவது தடவை வரும்போது சொல்கிற குறைகள் ஒன்றாக இருப்பதில்லை. அந்த வித்தியாசத்தை ஆபரேஷனுக்கு முன்னாலேயே யாராவது அவர்களுக்கு நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

முதலில் கண்ணைப் பற்றி. பெரியவர்களின் கண் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 23.5 மி.மீ. நீளம் இருக்கும். பிளஸ் கண் பெரும்பாலும் அதைவிடக் குட்டை. ஒரு மி.மீ. குறைந்தாலே சுமார் மூன்று பவர் வந்துவிடும். சிலருக்கு நீளம் சரியாக இருந்து கருவிழி தட்டையாக இருக்கும். எப்படியானாலும் வெளிச்சம் விழித்திரையில் குவியாமல் அதற்குப் பின்னால் குவியப் போகிறது. இளவயதில் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் தன்னைக் குண்டாக்கிக்கொண்டு இதைச் சரிக்கட்டிவிடும். அதனால்தான் +2 உள்ள கல்லூரிப் பையன் சார்ட்டில் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிடுகிறான். சாயங்காலம் தலைவலி என்பான், புத்தகத்தை எடுத்தால் தூக்கம் வருகிறது என்பான், வீட்டில் படிக்கச் சோம்பல் என்று திட்டு வாங்குவான். பவர் இருப்பது யாருக்கும் தெரியாது. நாற்பதை நெருங்கும்போது லென்ஸுக்கு அந்தத் தெம்பு குறைய, ஒளிந்திருந்த பவர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும்.

பிளஸ் ஆபரேஷனில் வருகிற ஏமாற்றங்களில் ஒரு பங்கு இந்த ஒளிந்த பவரிலிருந்தே தொடங்குகிறது. அதை வெளியே கொண்டுவர ஒரே வழி, சொட்டு மருந்து விட்டு லென்ஸின் தசையைத் தளர்த்திவிட்டு ரெட்டினோஸ்கோப்பில் பார்ப்பது. சைக்ளோபென்டோலேட் என்ற சொட்டு இதற்கு வழக்கம். விட்டால் அன்று முழுக்கப் பக்கத்தில் மங்கும், வெளிச்சம் கூசும். "வண்டி ஓட்டிட்டுப் போகணுங்க, சொட்டு வேண்டாங்க, சும்மாவே பாத்துச் சொல்லுங்க" என்பவர்கள் நிறைய. கண்ணாடிக்கு என்றால் சில சமயம் விட்டுக்கொடுக்கலாம். லேசருக்கு என்றால் கூடாது. சொட்டில்லாமல் +1.75 காட்டிய ஒரு இளைஞருக்குச் சொட்டு விட்டதும் +3.50 வந்தது. முதல் எண்ணை வைத்து ஆபரேஷன் செய்திருந்தால், இருபத்தைந்து வயதில் அருமையாகத் தெரிந்திருக்கும். மீதிப் பவர் நாற்பதுக்குள் தலைகாட்டியிருக்கும், அவரும் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று நினைத்திருப்பார். சரி, +3.50 முழுவதையும் எடுத்துவிடலாமா என்றால் அதிலும் சிக்கல். இத்தனை வருஷம் இறுக்கிப் பழகிய லென்ஸ் உடனே தளராது, தூரப்பார்வை கொஞ்ச காலம் மங்கலாக இருக்கும். எந்த எண்ணை எடுப்பது என்பது டாக்டரின் கணிப்பு. மைனஸ்காரர்களுக்கு இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. சொட்டே விடாமல் ஒரே உட்காரலில் தேதி கொடுக்கிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிளஸ் பவரைக் கத்தியாலும் சூட்டாலும் சரிசெய்யப் பார்த்த வரலாறு கொஞ்சம் நீளமானது, பாதிக்கு மேல் கைவிடப்பட்ட முறைகள். 1980-களில் கருவிழியில் அறுகோண வடிவத்தில் கீறிவிட்டார்கள். நடுப்பகுதி தளர்ந்து முன்னால் எழும்பும், பவர் குறையும் என்பது எண்ணம். கீறல்கள் சரியாகக் கூடாமல் கருவிழி கோணல்மாணலாக ஆனது, அந்த முறையை விட்டார்கள். அதே காலத்தில் மாஸ்கோவில் ஃபியோதரோவ், சூடான ஊசியால் கருவிழியின் ஓரத்தில் சுற்றிலும் புள்ளி வைத்துப் பார்த்தார். சூட்டில் ஓரம் சுருங்கும், நடு எழும்பும். எழும்பியது, ஆனால் நிற்கவில்லை. பிறகு ஊசிக்குப் பதில் ஹோல்மியம் லேசரால் சூடு வைக்கும் முறைக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2000-இல் அனுமதி கொடுத்தது. பவர் திரும்பத் திரும்ப வந்ததில் அதன் மவுசு சீக்கிரமே போய், இயந்திரம் செய்த நிறுவனம் 2002-இல் திவாலானது. அதே 2002-இல் ரேடியோ அலையால் சூடு வைக்கும் கண்டக்டிவ் கெரட்டோபிளாஸ்டிக்கு அனுமதி கிடைத்தது. பவர் குறைவது தற்காலிகம் என்று அந்த அனுமதியிலேயே எழுதியிருந்தது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. முறை மாறினாலும் குறை ஒன்றாகவே இருந்தது. கருவிழியின் நடுவை எழுப்பி வைத்தால் அது பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. லேசிக் அதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அந்தக் குறையிலிருந்து அது முழுசாகத் தப்பவில்லை.

இந்த லேசருக்கு நம் ஊர்த் தொடர்பு ஒன்று இருக்கிறது. 1929-இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்தார். 1981 நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விருந்தில் மீந்த வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய், எக்சைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றியுள்ள திசு கருகாமல் துல்லியமாகச் செதுக்க முடிந்தது. சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வைன் இருவரும் அவரோடு உழைத்தவர்கள். 1983-இல் கண் டாக்டர் ஸ்டீபன் ட்ரோகெலுடன் சேர்ந்து கருவிழியிலும் செய்து காட்டினார். இன்று உலகமெங்கும் லேசிக் செய்துகொள்கிறவர்களின் கருவிழியைச் செதுக்குவது அந்த 193 நானோமீட்டர் ஒளிதான்.

லேசரால் செதுக்கத்தான் முடியும், சேர்க்க முடியாது. மைனஸ் கண்ணில் நடுவைச் செதுக்கித் தட்டையாக்கினால் வேலை முடிந்தது. பிளஸ் கண்ணுக்கு நடு இன்னும் மேடாக வேண்டும். மேடாக்க எதையும் கொண்டுவந்து வைக்க முடியாதே, ஆகவே சுற்றிலும் வட்டமாகப் பள்ளம் எடுக்கிறார்கள். பள்ளத்தால் நடு மேடாகிறது. எங்கள் பக்கம் தென்னைக்கு வட்டப்பாத்தி வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நாலு மழை பெய்தால் அந்தப் பாத்தியில் என்ன ஆகும்? கரையிலிருந்து மண் சரிந்து பள்ளம் தூர்ந்துவிடும். கருவிழிக்கு மேலே ஐம்பது மைக்ரான் கனத்தில் எபிதீலியம் என்ற தோல் இருக்கிறது. அதன் சுபாவமே மேடு பள்ளத்தைச் சமன்செய்வது. லேசர் எடுத்த வட்டப் பள்ளத்தில் அது கனமாக வளர்ந்து நிரப்புகிறது, நடு மேட்டின் மேல் மெலிகிறது. பவர் பைய வந்துவிடுகிறது.

ஒரு டீச்சர் வந்தார். அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவர். வேறு ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில், நாற்பதுக்குச் சற்று முன்னால், இரண்டு கண்ணிலும் +3.75-க்கு லேசிக் செய்திருந்தார். முதல் நாலைந்து வருஷம் ரொம்ப நன்றாக இருந்ததாம்.

"பக்கத்துல தெரியாதது வயசுனாலன்னு தெரியுதுங்க மேடம். அது எல்லாருக்கும் வர்றதுதானுங்க. ஆனா இப்ப கடைசி பெஞ்சுப் புள்ளைங்க முகமே தெளிவா இல்லைங்க. தூரம் எதுக்குங்க மங்குது?"

சரியான கேள்வி. நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்தையும், பிளஸ் பவர் திரும்பி வருவதையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், சில சமயம் கவுண்டரில் இருப்பவர்களும்தான். டீச்சர் குழப்பிக்கொள்ளவில்லை. சொட்டு விட்டுப் பார்த்ததில் வலது கண்ணில் +1.75, இடதில் +1.50. போன பவரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வந்துவிட்டது.

ஸ்லிட் லாம்பில் உட்காரவைத்தேன். கருவிழியின் ஓரத்தில், முழு வட்டமாகாமல் ஒரு பக்கம் விட்டு, முடி அளவு வெளிறிய கோடு தெரிந்தது. லேசருக்காகக் கருவிழியின் மேலடுக்கை வெட்டித் திறந்து மூடிய மூடியின் விளிம்பு அது. பிளஸ்காரர்களுக்குப் பள்ளம் ஓரத்தில் எடுப்பதால் மூடியும் அகலமாக, ஒன்பது மி.மீ. போல, வெட்ட வேண்டியிருக்கும். விளிம்பு வெள்ளை விழிக்குப் பக்கத்தில் போய்விடுவதால் வெட்டும்போது சிறு ரத்தக்கசிவு வரலாம். மூடிக்கு அடியில் எபிதீலியம் புகுந்து வளரும் தொல்லையும் மைனஸ்காரர்களைவிட இவர்களுக்கு அதிகம். டீச்சருக்கு அது இல்லை. ஆரஞ்சுச் சாயம் தோய்ந்த காகிதத்தைத் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தபோது கருவிழியின் கீழ்ப்பாதி முழுக்கப் பச்சைப் புள்ளிகள். கண் வறட்சி. மூடி வெட்டும்போது கருவிழி நரம்புகள் அறுபடுகின்றன, திரும்ப வளர மாதங்கள் ஆகும், சிலருக்கு முழுசாக வளர்வதில்லை. நரம்பு சொல்லாவிட்டால் கண்ணீர் சுரக்காது, கண் சிமிட்டுவதும் குறையும். வறண்ட கண்ணில் காலையில் ஒரு பவர், சாயங்காலம் ஒரு பவர்.

பிறகு டீச்சர் தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னார். வலது கண்ணில் எழுத்துக்கு நிழல் விழுகிறதாம். இதைச் செய்த இடத்தில் சொன்னபோது, போகப் போகச் சரியாகிவிடும் என்றார்களாம். சார்ட்டில் தனியாக ஒரு 'ட' வைத்தேன். "கீழே சாய்வா இன்னொரு 'ட' இருக்குதுங்க, வெளுப்பா" என்றார். ஊசித்துளைத் தட்டை வைத்ததும், "இப்பப் போயிருச்சுங்க!" கண்ணாடிப் பவரால் போகாத நிழல் ஊசித்துளையில் போகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் கருவிழியின் வடிவத்தில் இருக்கும். கருவிழி மேப் எடுக்கச் சொல்லி அனுப்பினேன். வந்ததில், வலது கண்ணில் லேசர் செதுக்கிய வட்டத்தின் மையம் பார்வைக் கோட்டிலிருந்து விலகியிருந்தது.

இதுவும் பிளஸ் கண்ணுக்கென்றே கூடுதலாக இருக்கிற ஆபத்து. நாம் எந்தக் கோட்டில் பார்க்கிறோமோ, அது கண்பாவையின் நட்டநடுவில் போவதில்லை, மூக்குப் பக்கம் சற்றுத் தள்ளிப் போகும். பிளஸ் கண்களில் இந்த விலகல் மைனஸ் கண்களைவிடப் பொதுவாக அதிகம். பாவையின் மையத்தைக் குறிவைத்து லேசர் செய்தால், மேடு பார்வைக் கோட்டில் அமையாமல் பக்கத்தில் அமைந்துவிடும். கூடவே, பிளஸ் லேசரில் தெளிவாகப் பார்க்க உதவும் நடுவட்டம் மைனஸ் லேசரில் கிடைப்பதைவிடச் சிறியது. வட்டமும் சிறிது, அதுவும் விலகிப்போனால் ஒற்றைக் கண்ணிலேயே இரட்டையாகத் தெரியும். இரவில் எதிரே வரும் லாரி வெளிச்சத்தைச் சுற்றி இழுத்த வளையம் வரும். கண்ணாடி போட்டால்கூடப் பழைய தெளிவு கிடைக்காது. ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணாடியோடு கடைசி வரி படித்தவர், பின்னால் எந்தக் கண்ணாடி போட்டும் கடைசி இரண்டு வரிக்கு இறங்க முடியாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு மிகவும் சங்கடமான நேரங்கள் அவை. பவர் திரும்பினால் கண்ணாடி கொடுக்கலாம். இதற்குக் கொடுக்க என் பெட்டியில் லென்ஸ் இல்லை.

நடு மேட்டுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. சராசரிக் கருவிழியின் வளைவு 43 டயாப்டர் அளவில் இருக்கும். பிளஸ் லேசரில் ஒவ்வொரு பவர் எடுக்கும்போதும் கிட்டத்தட்ட ஒரு டயாப்டர் ஏறுகிறது. 48, 50-ஐத் தாண்டினால் மேட்டின் உச்சியில் எபிதீலியம் மெலிந்து, காய்ந்து, உறுத்தி, பார்வையும் தரம் குறைகிறது. அமெரிக்காவில் சில லேசர்களுக்கு +6 வரை அனுமதி இருந்தாலும் பல டாக்டர்கள் +4 பக்கம் வரும்போதே தயங்குவது இதனால்தான். தயங்குகிற டாக்டரைக் கோழை என்று நினைத்து, தைரியமாகச் செய்கிறேன் என்கிறவரிடம் போகாதீர்கள். திரும்பி வந்த பவருக்கு இரண்டாம் முறை லேசர் போடலாமே என்று டீச்சரும் கேட்டார். மேடு இன்னும் ஏறும், வறட்சி கூடும், பழைய மூடியைத் திரும்பத் தூக்கினால் எபிதீலியம் புகும் வாய்ப்பும் ஏறும். +1.50-க்காக அவ்வளவு பெரிய பணயம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

லேசிக்கை நான் வெறுக்கவில்லை. குறைந்த பிளஸ், ஈரமான கண், பொருத்தமான வளைவு, பொறுமையாக அளந்த டாக்டர் எல்லாம் அமைந்து, பல வருஷம் நிம்மதியாக இருப்பவர்களும் என்னிடம் வருகிறார்கள். எஃப்.டி.ஏ. அமெரிக்கப் படையோடும் தேசியக் கண் நிறுவனத்தோடும் சேர்ந்து நடத்திய ப்ரவுல் ஆய்வுகளில் பெரும்பான்மையோர் திருப்தி என்றுதான் சொன்னார்கள். அதே ஆய்வுகளில், முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை, மூன்றாவது மாதத்தில் வளையம், கூச்சம், இரட்டைத் தோற்றம் போன்று ஏதாவது ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்றார்கள். தினசரி வேலை செய்யவே சிரமப்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. திருப்தி, புதுத் தொந்தரவு இரண்டும் அதே ஆய்வுகளில் வந்த உண்மைகள். ஆஸ்பத்திரிக் கையேட்டில் முதலாவதைப் பெரிய எழுத்தில் போடுபவர்கள் இரண்டாவதையும் அதே அளவில் போட வேண்டும்.

கருவிழியை விட்டுவிட்டுக் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கலாமே? சொந்த லென்ஸை எடுக்காமல் கூடுதலாக ஒன்று வைக்கும் ஐ.சி.எல். மைனஸ்காரர்களிடம் இப்போது பிரபலம். குட்டையான பிளஸ் கண்ணில் பெரும்பாலும் அதற்கு இடம் இருப்பதில்லை, திணித்தால் கண் அழுத்தம் ஏறும். இதோடு அதை விடுகிறேன்.

நாற்பத்தைந்து, ஐம்பதைத் தாண்டியவர்களுக்குச் சொல்லப்படுவது வேறு: கண்புரை ஆபரேஷன் மாதிரியே, புரை வராத லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பது. பவர் திரும்பி வராது, பிற்பாடு புரையும் வராது. மைனஸ்காரர்களுக்கு இதில் விழித்திரை பிரியும் பயம் பெரிது, பிளஸ்காரர்களுக்கு அது குறைவு. இதெல்லாம் உண்மை. கணக்கில்தான் கவனம் வேண்டும். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கண்ணின் நீளத்தை அளந்து கணக்கிடுகிறார்கள். சராசரிக் கண்ணில் அளவு ஒரு மி.மீ. பிசகினால் சுமார் இரண்டரைப் பவர் தவறும், இருபது மி.மீ. குட்டைக் கண்ணில் அதே பிசகு மூன்றரைக்கும் மேல் இழுத்துவிடும். லென்ஸ் உள்ளே எவ்வளவு ஆழத்தில் போய் உட்காரும் என்பதை முன்கூட்டிச் சொல்வதும் இந்தக் கண்களில் கடினம். குட்டைக் கண்ணுக்கு ஹாஃபர் க்யூ, பாரெட், கேன் போன்ற சூத்திரங்களைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் டாக்டர் எதைப் பயன்படுத்துகிறார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மிகக் குட்டையான கண்களில் ஆபரேஷன் மேஜையிலேயே விழித்திரைக்கு அடியில் நீர் கோர்த்துக்கொள்வதும், உள்நீர் தவறான பக்கம் திரும்பி அழுத்தம் ஏறிவிடுவதும் நடக்கக்கூடியவை. அபூர்வம்தான், வந்தால் பார்வைக்கே ஆபத்து. சொந்த லென்ஸ் போய்விட்டால், மிச்சமிருக்கும் குவிக்கும் சக்தியும் அன்றோடு போயிற்று. முப்பது வயதுக்காரருக்கு இதைச் சொல்லித் தள்ளிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டீச்சரிடம் திரும்பப் போகிறேன், முக்கியமானது இன்னும் பாக்கி இருக்கிறது. ஸ்லிட் லாம்பின் வெளிச்சத்தை மெல்லிய கீற்றாக்கி, கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் ஓரத்தில் வைத்துப் பார்ப்போம். கருவிழிக்கும் அதன் பின்னால் இருக்கும் ஐரிஸுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு இடைவெளி தெரியும். கருவிழியின் கனத்தில் கால்வாசிக்கும் கீழே அந்த இடைவெளி இருந்தால் கோணம் குறுகல் என்று அர்த்தம். டீச்சருக்கு இரண்டு கண்ணிலும் கறுப்பு ஒரு நூல்தான் இருந்தது.

லேசர் கருவிழியின் மேற்புறத்தை மாற்றுகிறது, அவ்வளவுதான். கண் அதே குட்டைக் கண். வயது ஏற ஏற உள்ளே லென்ஸ் பருத்து ஐரிஸை முன்னால் தள்ளும். குட்டைக் கண்ணில் முன்னறை ஏற்கெனவே ஆழமில்லாதது, நீர் வடியும் கோணம் ஒருநாள் அடைபட்டுவிடலாம். பெண்களுக்கு இது அதிகம். பொழுது சாய்ந்து வெளிச்சம் மங்கும் நேரத்தில், பாவை விரியும்போது, திடீரென்று வரும். கண்ணைப் பிடுங்குகிற வலி, தலைவலி, வாந்தி, பல்பைச் சுற்றி வானவில் வளையம், கண் சிவந்து மங்கிவிடும். ஒற்றைத் தலைவலி என்றும் பித்தம் என்றும் மாத்திரை போட்டுக்கொண்டு விடிந்ததும் பார்க்கலாம் என்று படுத்தால், அந்த ஒரு ராத்திரியில் நரம்பு கெட்டுவிடலாம். கண்ணாடி போட்டுக்கொண்டிருந்த வரைக்கும் இவர்கள் வருஷத்துக்கு ஒருதரமாவது பவர் பார்க்க வந்தார்கள், யாராவது ஒருவர் கோணத்தைக் கவனித்தார். கண்ணாடி போனதும் வருவதும் நின்றுவிடுகிறது. "என் கண் இப்ப நார்மல்ங்க" என்று பிளஸ்காரர் சொல்லும்போது எனக்குப் பயமாக இருப்பது இதற்காகத்தான்.

டீச்சரை அன்றே கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) டாக்டரிடம் அனுப்பினேன். கோணக் கண்ணாடி வைத்துப் பார்த்து உறுதிசெய்து, ஐரிஸில் யாக் லேசரால் சின்னத் துளை போட்டுவிட்டார். ஐந்து நிமிஷ வேலை. இந்தக் கோண அடைப்பு வந்துவிட்டவர்களுக்கு லென்ஸையே எடுத்துவிடுவது இன்னும் நல்ல பலன் தருகிறது என்று, 419 பேரை வைத்துச் செய்த ஈகிள் ஆய்வு 2016-இல் லான்செட் இதழில் வந்தது. ஐம்பது தாண்டியவர்கள், அடைபட்ட கோணம், ஏறிய அழுத்தம் என்று இருந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட பிளஸ்காரருக்கு லென்ஸ் மாற்றுவது கண்ணாடிக்கான ஆபரேஷன் இல்லை, கண்ணைக் காப்பாற்றும் ஆபரேஷன். இப்படி ஒருவர் வந்து கேட்டால் நானே போகச் சொல்வேன்.

அதிகம் பேசப்படாத இன்னொரு கூட்டமும் உண்டு. சின்ன வயதில் ஒரு கண்ணில் மட்டும் பெரிய பிளஸ் இருந்து, யாரும் கவனிக்காமல் அந்தக் கண் சோம்பேறிக் கண்ணாகிவிட்டவர்கள். அந்தக் கண்ணுக்கு லேசர் போட்டால் பவர் போகும், பார்வை வராது. மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளாததை லேசர் கற்றுக்கொடுக்காது. இவர்கள் நல்ல கண்ணில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகும்போது, இருக்கிற ஒரே கண்ணைப் பணயம் வைக்கிறோம் என்பதை வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். பிளஸ் அதிகமுள்ள குழந்தைக்கு மாறுகண் வரலாம், கண்ணாடி போட்டால் பெரும்பாலும் நேராகும். "இப்பக் கண்ணாடி எதுக்குங்க, பெருசானா லேசர் பண்ணிக்கலாமுங்க" என்று சொல்கிற தாத்தா பாட்டிகளிடம் நான் வெகுநேரம் பேசுவேன். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடியால் வளர வேண்டிய பார்வை அது. தள்ளிப்போட்டால் பெரிதான பிறகு எந்த ஆபரேஷனாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆபரேஷன் முடித்தவர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் பழைய ஃபைலைக் கேட்டு வாங்கி வையுங்கள். செய்வதற்கு முன் இருந்த பவர், கருவிழியின் வளைவு, எந்த லேசர், எவ்வளவு எடுத்தார்கள் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இருபது வருஷம் கழித்துக் கண்புரை வரும்போது, லேசர் செய்த கருவிழியை வழக்கமான முறையில் அளந்தால் கணக்கு தப்பும். பிளஸ் லேசர் செய்தவருக்கு அது மைனஸில் கொண்டுபோய் விடும். பழைய எண்கள் கையில் இருந்தால் டாக்டர் திருத்திக்கொள்வார். ஆஸ்பத்திரிகள் பழைய ரெக்கார்டை எல்லாக் காலமும் வைத்திருப்பதில்லை. டீச்சர் தேடியபோது அவரிடம் டிஸ்சார்ஜ் காகிதம் ஒன்றுதான் இருந்தது. செய்த இடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார், இன்னும் வரவில்லை.

போன மாதம் ஒருவர் எழுதியிருந்தார். வயது 24, இரண்டு கண்ணிலும் +5.25, கல்யாணம் பேசுகிறார்கள், கண்ணாடியில் கண் பெரிதாகத் தெரிகிறது, லேசர் செய்யலாமா அக்கா என்று. தம்பி, +5.25-க்கு லேசர் என்று யாராவது உடனே தேதி கொடுத்தால் வேறொரு டாக்டரையும் பாருங்கள். சொட்டு விட்டு அளக்கச் சொல்லுங்கள், கோணத்தையும் வறட்சியையும் கருவிழி மேப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கண் பெரிதாகத் தெரிவதற்கு அதற்கு முன்பே செய்யக்கூடியது இருக்கிறது. சின்ன வட்ட ஃப்ரேம், ஆஸ்ஃபெரிக் ஹை இண்டெக்ஸ் லென்ஸ், கண்ணுக்கு நெருக்கமாக உட்காரும்படி மூக்குப் பட்டை சரிசெய்தால் ஓரளவு குறைந்துவிடும். கல்யாண நாளுக்குக் காண்டாக்ட் லென்ஸ் பழகலாம், பழக ஒரு மாதம் முன்னாலேயே ஆரம்பியுங்கள். அளப்பதற்கு வருவதாக இருந்தால் சனிக்கிழமை காலையில் வாங்க, சொட்டு விட்டால் அன்று வண்டி ஓட்ட முடியாது, கூட யாரையாவது அழைத்துக்கொண்டு வாங்க.